மடையைத் திறப்பவர் யார்? நீர்வடிப்பகுதியும் பெண் உழவரும்

ஆங்கிலத்தில் ‘வாட்டர்ஷெட்’ என வழங்கும் சொல்லுக்குத் தமிழில் இன்று குறைந்தது மூன்று ஈடுகள் உள்ளன. தமிழ்நாட்டு அரசின் ஆவணங்கள் ‘நீர்வடிப்பகுதி’ என்கின்றன. செய்தித்தாள்களில் ‘நீர்ப்பிடிப்புப் பகுதி’ என்பது மிகுதி. ‘வடிநிலம்’ என்பாரும் உளர். மூல ஆங்கிலச் சொல், ஜெர்மன் மொழிச் சொல் ஒன்றைப் பின்பற்றி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானது. நீரைப் பிரிக்கும் கோடு என்பதே அதன் முதற்பொருள். தலைமுடியை இருபுறமும் பிரிக்கும் வகிடு போல, விழும் மழையை இருவேறு திசைக்குப் பிரித்து அனுப்பும் முகடு அது. பின்னர் அமெரிக்க வழக்கில், முகடுகளால் சூழப்பட்டு ஒரே வடிகாலை நோக்கிச் சரியும் நிலப்பரப்பு முழுவதையும் அது குறிக்கலாயிற்று. வளர்ச்சித் திட்டங்களில் நாம் காணும் பொருள் இந்த இரண்டாவதே.

தமிழ் ஈடுகளுள் முதலிரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். வடிதல், செயப்படுபொருள் குன்றிய வினை. நீர் வடிகிறது, அவ்வளவே. அங்கே செய்பவர் எவரும் தேவையில்லை. பிடித்தல் அவ்வாறன்று; பிடிப்பவர் ஒருவர் இருந்தாக வேண்டும். கிராமத்து மேட்டில் விழும் மழையைப் பிடித்து வைப்பவர் யார், பிடித்த நீர் எவர் வயலுக்குப் போகும் என்று முடிவு செய்பவர் யார், இவ்விருவரும் ஒருவர்தாமா என்பவையே இவ்வுரையில் நாம் ஆராய எடுத்துக்கொண்ட வினாக்கள். நாம் நீரியல் வல்லுநர் அல்லர், சொற்களோடு வாழ்ந்தவர். ஆயினும் இப்பொருளில் சொற்கள் காட்டும் செய்திகள் சிலவற்றைப் பொறியாளர்தம் வரைபடங்கள் காட்டுவதில்லை.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். நீர்வடிப்பகுதி மேம்பாட்டின் அடிப்படை விதி, வேலையை முகட்டில் தொடங்கிப் பள்ளத்தில் முடிக்க வேண்டும் என்பது. உச்சியில் மரமும் புல்லும் வளர்த்து ஓட்டத்தின் வேகத்தைக் குறைக்க வேண்டும். சரிவில் சம உயர வரப்புகளும் குழிகளும் அமைத்து நீரை நிற்கவைக்க வேண்டும். ஓடைகளின் குறுக்கே கல் தடுப்புகளும் தடுப்பணைகளும், அதற்குக் கீழே கசிவுநீர்க் குட்டைகளும், வயல்களில் பண்ணைக்குட்டைகளும் வரும். எல்லாவற்றிற்கும் அடியில் ஏரி அல்லது கண்மாய். இவ்வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் கீழே தடுப்பணை கட்டினால் மேலிருந்து வரும் மண் சில மழைக்காலங்களிலேயே அதைத் தூர்த்துவிடும். ஓடும் நீரை நடக்கவைப்பது, நடக்கும் நீரை நிற்கவைப்பது, நிற்கும் நீரை மண்ணுக்குள் இறங்கவைப்பது என்று இதனை மாணவர்க்கு எளிதாகச் சொல்லலாம்.

இனி, அந்நிலத்தில் யார் எங்கே இருக்கிறார் என்று பார்ப்போம். முகடும் மேற்சரிவும் பெரும்பாலும் புறம்போக்கு நிலம். வறண்ட மாவட்டங்களில் அங்கே ஆடு மேய்ப்பவர்களும் விறகு பொறுக்குபவர்களும் மிகுதியும் பெண்கள். நடுச்சரிவிலுள்ள மானாவாரிப் புஞ்சையில் விதை தெளித்தல், களையெடுத்தல், அறுத்தல் ஆகியவை பெண்கள் வேலை. அடியிலுள்ள நஞ்சையில் நாற்றுநடவு முழுவதும் அவர்கள் கையில். ஊருணியிலிருந்தும் கிணற்றிலிருந்தும் குடிநீர் சுமப்பவர்களும் அவர்களே. ஆக, ஒரு நீர்வடிப்பகுதியின் உச்சி முதல் அடி வரை ஒரே நாளில் ஏறி இறங்குபவர் எவரேனும் உண்டென்றால் அவர் பெரும்பாலும் ஒரு பெண்ணாகவே இருப்பார். எந்த ஓடையில் மழை நின்ற பின்னும் ஈரம் தங்கும், எந்தச் சரிவில் மண் முதலில் பெயரும், எந்தக் கிணறு சித்திரையில் முதலில் வற்றும் என்பவற்றை அவர் கால்களே அறியும்.

இந்த அறிவு திட்டத்திற்குள் வராவிட்டால் என்ன நேரும்? தடுப்பணையின் இடத்தையே எடுத்துக்கொள்வோம். பெருநிலக்காரரின் ஆழ்குழாய்க் கிணற்றுக்கு மேலே அது அமைந்தால், ஊறும் நீரை அவருடைய மின்னேற்றி எடுத்துக்கொள்ளும். ஊர்ப் பொதுக் கிணற்றுக்கு மேலே அமைந்தால், குடம் சுமக்கும் தொலைவு குறையும். பொறியியல் நோக்கில் இரண்டு இடங்களும் ஒருவேளை சமமாகவே பொருந்தலாம். எங்கே கட்டுவது என்பதை அப்போது தீர்மானிப்பது நீரியல் அன்று. கூட்டத்தில் எழும் குரல். அதுபோலவே, முகட்டில் மரம் வளர்க்க மேய்ச்சலை நிறுத்தினால் அதன் சுமை ஆடு வைத்திருப்பவர் தலையில் விழுகிறது. அவரைக் கேளாமல் எடுத்த முடிவு, இரவோடு இரவாக வேலி முறிவதில் போய் முடியும். பெண்களைச் சேர்த்துக்கொள்வது ஒரு சலுகை என்று எண்ணுவோர் இதனைக் கருதிப் பார்க்க வேண்டும். அவர்கள் இசைவில்லாமல் மேற்சரிவு பசுமையாகாது. மேற்சரிவு பசுமையாகாமல் கீழே நஞ்சைக்கு நீர் நிலைக்காது.

உழைப்பைப் பொறுத்தவரை ஐயத்திற்கே இடமில்லை. 2005இல் இந்திய நாடாளுமன்றம் இயற்றி 2006 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தை மக்கள் ‘நூறு நாள் வேலை’ என்றனர். தமிழ்நாட்டின் பல ஊர்களில் அதற்கு இன்னொரு பெயர் ‘ஏரி வேலை’. சட்டம் பெண்களுக்கென ஒதுக்கியது மூன்றில் ஒரு பங்கு. தமிழ்நாட்டிலோ வேலைநாள்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் பெண்களுடையவை என்ற நிலை பல்லாண்டுகள் நீடித்தது. ஏரியைத் தூர்வாரியதும், வரத்துக் கால்வாயைச் செப்பனிட்டதும், கரையில் மண் கொட்டியதும் சும்மாடு வைத்த தலைகளே. ஏரி வேலை என்று மக்கள் இட்ட பெயர் ஒரு சான்று. ஆனால் அச்சான்றில் ஒரு வரம்பும் உண்டு: ஏரி வேலை செய்பவரை எவரும் ஏரிக்காரர் என்று சொல்வதில்லை. அவர் வேலையாள், ஏரி ஆயக்கட்டுக்காரருடையது.

இங்கே சொல்லுக்குத் திரும்புவோம். ‘விவசாயி’ என்னும் சொல்லுக்கு ஆண்பால், பெண்பால் வேறுபாடு இல்லை. ‘உழவர்’ என்பது பலர்பால். அதிலும் இருபாலாரும் அடங்குவர். இலக்கண நிலையில் பெண்ணுக்குத் தடை ஏதுமில்லை. ஆயினும் ‘ஒரு விவசாயி தன் மனைவியுடன் வயலுக்குச் சென்றார்’ என்னும் தொடர் எந்த மாணவருக்கும் இயல்பாகப் படும். ‘ஒரு விவசாயி தன் கணவருடன் வயலுக்குச் சென்றார்’ என்றால் ஒரு கணம் தயங்குவார். வகுப்பில் இதனைச் சோதித்துப் பார்க்கலாம். பழைய மரபில் இந்தத் தயக்கம் இவ்வளவு இல்லை போலும். நம்பியகப்பொருள் மருதநில மக்களைச் சொல்லும்போது உழவரோடு உழத்தியரையும், கடையரோடு கடைசியரையும் இணையாக வைக்கிறது. புறநானூற்றின் 61ஆம் பாடலில் கடைசியர் வயலில் களை பறிக்கக் காண்கிறோம். உழத்தி என்ற சொல் இன்று அகராதியில் இருக்கிறது, வழக்கில் இல்லை. அந்த இடத்திற்குப் ‘பெண் விவசாயி’ என்னும் அடைகொண்ட தொடர் வந்துள்ளது. அடை தேவைப்படுகிறது என்பதே, அடையில்லாத சொல் ஆணுக்கு உரியதாகிவிட்டது என்பதற்குச் சான்று.

கணக்கெடுப்புகளிலும் இந்தப் பிளவு தெரிகிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இந்தியாவில் உழைக்கும் பெண்களுள் ஏறத்தாழ 65 விழுக்காட்டினர் வேளாண்மையில் இருந்தனர். அவர்களுள் பயிரிடுவோர் என்று பதிவானவர்கள் 24 விழுக்காட்டினரே. எஞ்சிய 41 விழுக்காட்டினர் வேளாண் கூலித் தொழிலாளர். 2015-16ஆம் ஆண்டின் வேளாண் கணக்கெடுப்பிலோ, பயிரிடும் உடைமைகளுள் பெண்கள் நடத்துவனவாகப் பதிவானவை ஏறத்தாழ 14 விழுக்காடு மட்டுமே. வயலில் இருப்பவர் ஒருவர், பதிவேட்டில் இருப்பவர் வேறொருவர்.

பதிவேடு ஏன் இவ்வளவு முதன்மையானது? ஏனெனில், தமிழகத்தில் நீரின்மேல் சொல்லுரிமை நிலத்தின் வழியாகவே வருகிறது. உத்திரமேரூர்க் கல்வெட்டை எல்லாரும் குடவோலைக்காகப் போற்றுகிறோம், போற்றத் தக்கதே. முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அந்த விதிகளின்படி, ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரிவாரியம் ஒன்று இருந்தது. அதற்கு ஆறு உறுப்பினர். குடவோலையில் பெயர் இடப்படுவதற்குரிய தகுதிகளுள் முதன்மையானது, கால் வேலிக்குக் குறையாமல் வரி செலுத்தும் நிலம் உடைமை. அத்துடன் சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரை வயது, வேதக் கல்வி. அது ஒரு பிராமண ஊரின் சபை. தகுதி கூறும் சொற்கள் ஆண்பால் ஈறு கொண்டவை. பெண்ணை விலக்கும் விதி என ஒன்றைத் தனியே எழுத அவர்களுக்குத் தேவையே நேரவில்லை.

ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகள் கழித்து, 2000ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் பாசன முறைகளை விவசாயிகளே மேலாண்மை செய்வதற்கான சட்டம் வந்தது. அதன்படி அமையும் நீர்ப்பயனர் சங்கத்தில் உறுப்பினர் யார்? அப்பகுதியில் நிலம் உடையவர். சாதியும் வயதும் கல்வியும் போயின. நிலம் மட்டும் நின்றது. ‘நீர்ப்பயனர்’ என்னும் பெயர் நீரைப் பயன்படுத்துபவர் அனைவரையும் உள்ளடக்குகிறது; விதியோ பட்டாவில் பெயர் உள்ளவரோடு நின்றுவிடுகிறது. சொல்லின் பொருட்பரப்பைச் சட்டம் இவ்வாறு சுருக்குவது மொழியியலாருக்குப் புதிதன்று. ஆனால் இங்கே சுருங்குவது ஒரு சொல் மட்டுமன்று.

இது நம் நாட்டு மக்களுக்கும் எட்டாத செய்தியன்று. இராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களிலிருந்து சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வேலைக்கு வந்திருக்கும் ஆண்களை நாம் அன்றாடம் காண்கிறோம். அவர்கள் விட்டு வந்த நிலத்தை உழுவிப்பதும், உரம் வாங்குவதும், கடன் அடைப்பதும் பெரும்பாலும் மனைவியர், தாயரும் உண்டு. பட்டாவோ கணவர் பெயரில் இருக்கும், அல்லது மாமனார் பெயரில். கண்மாய்க் கூட்டத்தில் கையொப்பம் இட உரிமை உள்ளவர் இங்கே ஒரு கட்டுமானத் தளத்தில் நிற்கிறார்; மடை எப்போது திறக்கும் என்று தெரிந்தாக வேண்டியவர் அங்கே கூட்டத்திற்கு வெளியே நிற்கிறார். நீர் குறைந்த ஆண்டில் முறைவைத்துப் பாய்ச்சும்போது முறை நள்ளிரவில் வருவதும் உண்டு. தலைமடைக்காரர் வாய்க்காலை அடைத்துக்கொண்டால், கடைமடையில் தனித்து நிற்கும் பெண் யாரிடம் போய் வழக்கிடுவார்? முறைநேரத்தைப் பகலுக்கு மாற்றும் எளிய தீர்மானம்கூட, அது தேவைப்படுபவர் கூட்டத்தில் இருந்தால்தான் முன்மொழியப்படும்.

நிலமில்லாதவருக்கு நீரில் சொல்லுரிமை தருவது நம் மரபுக்கு ஒவ்வாதது என்று சிலர் கூறக் கேட்டிருக்கிறோம். மரபு அவ்வளவு ஒற்றையானதன்று. ஏரிப் பாசன ஊர்களில் நீரைப் பங்கிட்டவர் நீர்க்கட்டி. சில வட்டாரங்களில் நீர்ப்பாய்ச்சி, வேறு சிலவற்றில் மடைக்குடும்பன். இவர்கள் பெரும்பாலும் நிலமற்ற, ஒடுக்கப்பட்ட சமூகத்தவர். வயலில் தமக்கென்று பங்கில்லாதவர் பாகுபாடின்றிப் பங்கிடுவார் என்பதே அவ்வேற்பாட்டின் உட்கருத்து. அறுவடையில் நெல்லாக ஊதியம் பெற்றனர். மழைக்காலத்தில் கரையைக் காத்ததும், எத்தனை நாளுக்கு நீர் வரும் என்று கணித்ததும் அவர்களே. ஆக, நிலத்தைக் கொண்டன்றி அறிவைக் கொண்டு நீரின்மேல் பொறுப்புத் தரும் முறை தமிழகத்தில் இருந்தது. சொல்லமைப்பும் கவனிக்கத்தக்கது. மடைக்குடும்பன் ஆண்பால் ஈறு உடையது. நீர்க்கட்டியும் நீர்ப்பாய்ச்சியும் இகர ஈற்றவை. அவ்வீறு இருபாற்கும் பொது. சொல் பெண்ணுக்கும் இடம் வைத்திருந்தது, பதவிதான் வைக்கவில்லை. (இடையில் ஒன்று: ‘மடையன்’ என்னும் வசைச்சொல் மடை காத்தவரைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது என்று இப்போது மேடைதோறும் சொல்லப்படுகிறது. மடமை என்னும் அடியே அதற்குப் போதுமானது. கேட்க இனிதான சொற்பிறப்புகளை ஆசிரியர்கள் ஐயத்தோடு அணுகுவது நன்று.)

அரசின் விதிகள் மாறாமல் இல்லை. இந்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் 1994இல் வகுத்த நீர்வடிப்பகுதி வழிகாட்டு நெறிகள், ஏறத்தாழ 500 எக்டேர் பரப்பை ஓர் அலகாகக் கொண்டு, திட்டமிடும் பொறுப்பை ஊர்மக்கள் அமைப்புகளிடம் ஒப்படைத்தன. 2008ஆம் ஆண்டின் பொது வழிகாட்டு நெறிகள், பத்துக்குக் குறையாத உறுப்பினர் கொண்ட குழுவில் பாதிப்பேர் சுயஉதவிக் குழுக்கள், பயனாளர் குழுக்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், நிலமற்றோர் ஆகியோரின் சார்பாளராக இருக்க வேண்டும் என்றன. ஆனால் அப்பட்டியலை மீண்டும் படித்தால் ஒன்று புலப்படும்: பெண்களுக்கெனத் தனி எண்ணிக்கை இல்லை. பாதி இடங்களை அத்தனை பிரிவினருக்கும் பகிர்ந்தளிக்கும்போது ஒரே ஒரு பெண் வந்தாலும் விதி நிறைவேறிவிடும். ஒருவராக வருபவர் பேசுவது அரிது.

அந்த ஒருவரைப் பலராக்கியது வேறொரு வழி. 1989இல் தருமபுரி மாவட்டத்தில், அனைத்துலக வேளாண் வளர்ச்சி நிதியத்தின் துணையோடு மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கின. பின்னர் அவை மாநிலம் முழுவதும் பரவின. மாதந்தோறும் கூடுவது, வரவு செலவைக் குறிப்பேட்டில் எழுதுவது, வங்கி அதிகாரியிடம் நேரில் பேசுவது என்னும் பழக்கங்கள் அங்கே வேரூன்றின. மதுரையைச் சேர்ந்த தானம் அறக்கட்டளை, பெண்களின் சேமிப்புக் குழுக்களுக்குக் ‘களஞ்சியம்’ என்றும், ஏரிப் பாசன உழவர் அமைப்புகளுக்கு ‘வயலகம்’ என்றும் பெயரிட்டது. வயலகம் நல்ல சொல்லாக்கம். இடத்தையும் அமைப்பையும் ஒருசேரக் குறிக்கிறது. நம் கருத்தில், இவ்விரு வகை அமைப்புகளும் தனித்தனியே நிற்பதைவிட ஒன்றன் உறுப்பினர் மற்றதில் இயல்பாக அமரும்போதுதான் பயன் மிகும். பணத்தைப் பற்றிப் பத்தாண்டுகள் பேசிப் பழகிய பெண்கள், தண்ணீரைப் பற்றிப் பேசத் தனிப் பயிற்சி வேண்டியவர் அல்லர். அவர்களுக்கு நாற்காலி போதும்.

நிலத்தையும் நீரையும் பிரித்துப் பார்த்த ஊர்கள் தமிழகத்திற்கு வெளியே உண்டு. அரியானாவின் சுகோமாஜ்ரியில் 1970களின் பிற்பகுதியில் மண் அணைகள் கட்டப்பட்டபோது, நிலம் இல்லாதவர்கள் தங்களுக்கு என்ன பயன் என்று கேட்டனர். நிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு குடும்பத்திற்கும் நீரில் சம பங்கு என்று முடிவாயிற்று. அதன்பின் மலைச்சரிவில் மேய்ச்சலை மக்கள் தாமாகவே நிறுத்தினர். எனினும் அங்கே அலகு குடும்பம். குடும்பத்தின் பெயரால் பேசுவோர் பெரும்பாலும் ஆண்கள். மகாராட்டிரத்தின் புரந்தர் வட்டாரத்தில், 1972ஆம் ஆண்டு வறட்சிக்குப் பின் விலாசராவ் சாலுங்கே தொடங்கிய ‘பாணி பஞ்சாயத்து’ ஓரடி முன்னே சென்றது. குடும்பத்தின் நிலப்பரப்பைக் கொண்டு நீரை அளக்காமல், தலைக்கு அரை ஏக்கர் பாசனத்துக்குரிய நீர் என்று, ஒரு குடும்பத்திற்கு இரண்டரை ஏக்கர் உச்சவரம்போடு அது வகுத்தது. நிலமற்றோருக்கும் பங்குண்டு. நீரை மிகுதியாகக் குடிக்கும் கரும்புக்கு இடமில்லை. பங்கை எண்ணும் கணக்கிலேனும் பெண்ணும் ஒரு தலையாக எண்ணப்பட்டார்.

சொத்துரிமைச் சட்டம் தமிழ்நாட்டில் முன்னதாகவே திருந்தியது. இந்து வாரிசுரிமையில் மகளுக்கும் மகனுக்கு இணையான பிறப்புரிமை இங்கே 1989இல் வந்தது. இந்தியா முழுமைக்கும் 2005இல். ஆயினும் திருமணமாகிப் போகும் மகள், உடன்பிறந்தாருடன் உறவு முறியாமல் இருக்கவேண்டித் தன் பங்கை விட்டுக்கொடுத்துக் கையொப்பமிடுவது இன்றும் வழக்கம். ஆதலால் பட்டா மாறும்வரை காத்திராமல், உழவர் யார் என்னும் வரையறையையே மாற்ற முயன்றார் எம். எஸ். சுவாமிநாதன். அவர் தலைமையிலான தேசிய உழவர் ஆணையத்தின் பணியைத் தொடர்ந்து வந்த 2007ஆம் ஆண்டு உழவர் கொள்கை, குத்தகைதாரரையும் கூலி உழைப்பாளரையும் ‘உழவர்’ என்னும் சொல்லுக்குள் கொணர்ந்தது. பின்னர், மாநிலங்களவை உறுப்பினராக இருந்த அவர், பெண் உழவர் உரிமைக்கான தனிநபர் சட்டமுன்வரைவு ஒன்றை 2012இல் அவையில் வைத்தார். நிலம் தன் பெயரில் இருப்பினும் இல்லாவிடினும் பயிர்த்தொழில் செய்யும் பெண் உழவரே என்று அது வரையறுத்தது. அவருக்குப் பெண் உழவர் எனச் சான்றிதழ் வழங்கவும், பாசன நீரில் உரிமை அளிக்கவும் அது வழிவகுத்தது. அம்முன்வரைவு சட்டமாகாமலே காலாவதியாயிற்று.

2026ஆம் ஆண்டை அனைத்துலகப் பெண் உழவர் ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்துள்ளது. அதனையொட்டிப் பள்ளிகளில் கட்டுரைப் போட்டிகள் நடக்கக்கூடும். மாணவர்க்குத் தலைப்புக் கொடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சியை முன்வைக்கிறோம். தமிழகத்தில் உறவினர் உள்ள மாணவர், தம் பாட்டியிடமோ அத்தையிடமோ தொலைபேசியில் மூன்று கேள்விகள் கேட்டு வரட்டும்: உங்கள் வயலுக்கு நீர் எந்தக் கண்மாயிலிருந்து, எந்த மடை வழியாக வருகிறது? மடையைத் திறப்பவரை உங்கள் ஊரில் என்ன சொல்லி அழைப்பீர்கள்? அந்த நிலத்தின் பட்டா யார் பெயரில் இருக்கிறது? இரண்டாவது கேள்விக்கு வரும் விடைகளுள் நம் அகராதிகளில் ஏறாத வட்டாரச் சொற்கள் பல இருக்கும். அவற்றை ஊர்ப்பெயரோடு எழுதி மன்றத்திற்கு அனுப்பினால் தொகுத்துக்கொள்வோம். மூன்றாவதற்கான விடையையும் அதே தாளில் எழுதி வைக்கச் சொல்லலாம்.